கூறைச் சீலைக்கு வைத்த பொட்டு

இன்று கண்டிக் கடையில் என் மகளின் கல்யாணச் சீலையைப் பார்சல் கட்டிய பெண், "மஞ்ச குங்குமம் வச்சுத் தரவாம்மா?" என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். "ஒண்ணும் வைக்க வேணாம், சும்மா கொடு" என்று எரிந்து விழுந்தேன். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஏம்மா இப்படி?" என்றாள். அந்தப் பெண் திறந்து வைத்திருந்த கிண்ணத்திலிருந்து மஞ்சள் வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபத்தேழு ஆவணி, மாதம் பிறந்து முதல் வெள்ளி. நீ என் அண்ணனுக்கு நிச்சயமான பெண். அதற்கு முன்னாலிருந்தே என் சிநேகிதி. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்துக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவே ஒரு தண்ணீர்ப் பீலிதான். அண்ணனை உன் தலையில் கட்டியதே நான்தான் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். கூறைச் சீலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண் கூடவே போவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. நீ விடவில்லை. "கட்டப்போறது நானு. ஒங்கண்ணனா கட்டப்போறாரு?" என்றாய். அம்மாவுக்குச் சொல்லாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினேன்.

அம்மா எனக்கு இரண்டே கட்டளை போட்டிருந்தார். "ராகு காலத்துல சீலைய கையில வாங்கிடாத. பொட்டு வைக்காம கடைய விட்டு வெளிய கொண்டாராத." மஞ்சளையும் குங்குமத்தையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான், இதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் உன்னைக் கூட்டி வந்து ஒரு வழக்கத்தை மீறிவிட்டேன் அல்லவா, மற்றதையெல்லாம் பிசகாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு பயம். அந்தப் பயம்தான் அன்று எல்லாவற்றையும் செய்தது.

பஸ் தாமதம். கொழும்பு வீதியில் அந்த அக்குறணை முஸ்லிம் நானாவின் கடைக்குள் நுழையும்போதே பத்து மணி தாண்டிவிட்டது. நீ பார்த்த மூன்றாவது சீலையே உனக்குப் பிடித்துவிட்டது. அரக்கு நிறம், ஒடுங்கின சரிகைக் கரை. நானா அதை மடிக்கத் தொடங்கினார். நான் மணியைப் பார்த்தேன், பத்தரை. "பன்னெண்டு மணிக்கு வாங்கிக்கிறோம் நானா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ சிரித்துக்கொண்டே, "ராகு இவங்க வீட்டுக்குச் சொந்தக்காரரு நானா. கேக்காம எதுவும் செய்ய மாட்டாங்க" என்றாய்.

வடக்கில் ஏதோ கலவரம் என்று இரண்டு நாளாகப் பேச்சு இருந்தது. நமக்கும் அதற்கும் என்ன என்றுதான் இருந்தோம். பதினொரு மணிபோல ஒரு லொறிக்காரர் வந்து நானாவின் காதில் எதையோ சொல்லிவிட்டுப் போனார். நானா வந்து நம் முன்னால் நின்றார்.

"தங்கச்சி, நெலம சரியில்லாம ஈக்கிது. சீலையக் கட்டித் தாறேன், இப்பவே போயிருங்க."

நீ கையை நீட்டினாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் ஒரு மணி நேரந்தானே" என்றேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு கதிரையில் உட்கார்ந்துகொண்டாய். "சரி, ஒங்கம்மாவுக்காக" என்றாய்.

தெருவில் கடைக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. "ஜும்மாவுக்கு மூடுறாங்க" என்று நான்தான் உனக்கு விளக்கம் சொன்னேன். எதிரில் இருந்தது ஒரு சிங்களவரின் செருப்புக் கடை. பக்கத்தில் இருந்தது ஒரு செட்டியாருடைய பாத்திரக் கடை. அவர்களுக்கு ஏது ஜும்மா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு அடித்தது. நானா பள்ளிவாசலுக்குப் போகாமல், கதவைப் பாதி இறக்கிவிட்டு நமக்காக நின்றுகொண்டிருந்தார். அப்போதும் நான் அவசரப்படவில்லை. பார்சலின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்து உன் கையில் கொடுத்தேன். குனிந்து வெளியே வந்தோம்.

பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணின் நெற்றியிலும் பொட்டு இல்லை. அதை நீதான் முதலில் கவனித்தாய். முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாய், உன்னுடையதையும் துடைத்தாய். "தமிழ்ல பேசாத" என்றாய். அதுதான் நீ எனக்குத் தமிழில் கடைசியாகச் சொன்னது.

ஜன்னலோரம் நான், பக்கத்தில் நீ. பேராதனை தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. மலை ஏறுவதற்கு முன்னால் ரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. டிரைவர் நிறுத்தாமல் போகத்தான் பார்த்தார், முடியவில்லை. மூன்று பேர் ஏறினார்கள். ஒவ்வொரு பெண்ணின் நெற்றியையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நம்மையும் பார்த்தார்கள், தாண்டிப் போனார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது கடைசியாகப் போனவன் திரும்பினான். அவன் உன் நெற்றியைப் பார்க்கவில்லை, உன் மடியைப் பார்த்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன். நம் பொட்டை அழித்தோம், சீலையின் பொட்டை அழிக்கவில்லை.

அவன் விரலால் அந்தக் குங்குமத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தான். பிறகு என்னைக் காட்டி உன்னிடம் ஏதோ கேட்டான். நீ பார்சலோடு எழுந்தாய். சிங்களவர் கூடும் நாட்டுச் சந்தைக்குப் போய்ப் போய் நீ படித்திருந்த சிங்களத்தில், குரல் கொஞ்சம்கூட நடுங்காமல், "மே நோனாவ மம தன்னே நே" என்றாய். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

உன்னை இறக்கினார்கள். பஸ் எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் உன்னைத் தேடாத இடமில்லை. ஆஸ்பத்திரி, அகதிகள் இருந்த பள்ளிக்கூடங்கள், ஆற்றங்கரை. மூன்று மாதம் அலைந்தான். நீ கிடைக்கவில்லை. பிறகு பாஸ்போர்ட் வந்து அவன் இந்தியாவுக்குக் கப்பலேறினான், அங்கேயும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புறப்படுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்டான், "கடைசியா என்ன சொன்னா?"

"என்னையத் தெரியாதுன்னு சொன்னா" என்றேன்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒன்னையக் காப்பாத்திட்டுப் போயிட்டா" என்றான். அம்மாவும் சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் பிள்ளைகளுக்கும் உன்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

அந்த ஆள் அதோடு விடவில்லை என்பதை மட்டும் நான் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நீ படிக்கட்டுக்குப் போன பிறகு அவன் என் பக்கம் குனிந்து, அவளைத் தெரியுமா என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. தெரியாது என்று தலையை ஆட்டினேன். படியில் ஒரு காலை வைத்தபடி நீ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தலையாட்டி முடித்த பிறகுதான் இறங்கினாய்.