நான் எழுதிய ‘இல்லை’

எனக்கு ஞாபகசக்தி போய்விட்டது என்று வெள்ளவத்தையில் நம் உறவுகள் கதைப்பதாக அறிகிறேன். அது பிழை. உன் மகள் தந்த குடும்ப நோய் வரலாற்றுப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டேன், நடந்தது அவ்வளவுதான். எண்பத்திரண்டு வயதிலும் கொட்டாஞ்சேனை வீட்டு மாடிக்கு எத்தனை படிகள் என்று கேட்டால் சொல்வேன். அந்தக் கட்டத்தை மறந்து விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன். காரணம் உனக்கு மட்டும்தான் தெரியும், தங்கச்சி.

படிவம் ஒரு கிழமையாக என் மேசையில் கிடக்கிறது. குடும்பத்துப் பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். மார்புப் புற்றுநோய் வந்தவர்களின் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டுமாம். நீ இறந்த வருடத்தையும் எழுதி, உன்னுடையதை உன் மகளே கறுப்பாக்கியிருக்கிறாள். அதற்கு மேலே அம்மாவின் வட்டம் வெள்ளையாகவும், ‘இறந்த காரணம்’ என்ற கட்டம் வெறுமையாகவும் இருக்கிறது.

“அம்மம்மாவுக்கு ஈரல் வருத்தம்தானே, பெரியம்மா?” என்று கேட்டாள். நான் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன். அதைத்தான் ஞாபகமின்மை என்கிறார்கள்.

அம்மாவின் மார்பில் இருந்த புண்ணுக்கு நீயும் நானும் முறை வைத்துத் துணி மாற்றினோம். வெளியில் எல்லோரிடமும் ஈரல் நோய் என்றே சொன்னோம். பிறகு உனக்கும் மார்பில் அதுவே வந்து, முதன்முதலாகக் கிளினிக் மர வாங்கில் அருகருகே உட்கார்ந்திருந்த காலை நினைவிருக்கிறதா? என் எழுத்து வடிவானது என்று படிவத்தை என்னிடம் நீட்டினாய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்ற கேள்வி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“இல்லையெண்டு எழுதுங்கோ, அக்கா. எனக்கொரு பொம்பிளப்பிள்ளை இருக்கு. நாளைக்குக் கலியாணம் பேசேக்க தோண்டித் துருவுவினம்.”

“ஆஸ்பத்திரிப் பேப்பரை ஆர் வந்து பாக்கப் போகினம்?”

“எங்கட சனம் பாக்கும்.”

நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று வாக்கும் வாங்கினாய். ‘இல்லை’ என்று எழுதினேன், கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் பழக்கிய அந்தச் சாய்வெழுத்தில், ஒரு மைக்கறையும் இல்லாமல்.

கலியாணம் பேச எவரும் வரவில்லை என்பதையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். உன் மகள் தன்னோடு படித்தவனைத் தானே பார்த்துக்கொண்டாள். சம்பந்தியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: “பிள்ளை மீன் மச்சம் சாப்பிடுமோ?”

கணக்கில் உனக்கு எப்போதும் தடுமாற்றம். உன் மகளுக்குக் கணக்குத்தான் தொழில். போன ஞாயிறு மடிக்கணினியைத் திறந்து தன் புற்றுநோய் ஆராய்ச்சி வேலையைக் காட்டினாள். திரையில் கிளை கிளையாகக் கோடுகள்.

“கட்டியில இருக்கிற ஒவ்வொரு செல்லும் பழைய செல்லைப் பாத்துக் கொப்பியடிச்சதுதான், பெரியம்மா. அடிக்கேக்க பிழை விடும். அடுத்தது அந்தப் பிழையையும் சேர்த்து அடிக்கும், புதுசா ஒண்டும் விடும். ஆயிரக்கணக்கான பிழைகளை ஒப்பிட்டு, எது முதல் வந்தது, எது பிறகு வந்தது எண்டு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறம். சில பேருக்குப் பிறக்கேக்கையே ஒரு பிழை இருக்கும். அது கட்டியில மட்டுமில்லை, ரத்தத்திலயும் தெரியும்.”

இது எனக்குப் புதிதில்லை என்றேன். அவள் நம்பவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும்: என் பழைய கணக்குக் கொப்பியைப் பார்த்து நீ எழுதினாய், உன்னுடையதைப் பார்த்து உன் சிநேகிதி எழுதினாள். ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று நான் விட்டிருந்த பிழை மூன்று கொப்பியிலும் இருந்தது. நீ விட்ட பிழை இரண்டில் இருந்தது. சிஸ்டர் மூன்றையும் மேசையில் பரப்பி, யார் யாரைப் பார்த்தது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். பிறகு மேல்வகுப்பிலிருந்து என்னையும் கூப்பிட்டு உங்களோடு நிற்க வைத்தார். நான் யாரையும் பார்த்து எழுதவில்லையே என்று வாதாடினேன். “முதற் பிழை உன்னுடையது” என்றார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும் உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்த சிஸ்டரை எங்கட டிபார்ட்மென்ட்டுக்கு எடுத்திருக்கலாம்” என்றாள்.

“சரி பிள்ளை, ஊரார் கட்டியெல்லாம் பாக்கிறாய். உன்ர ரத்தத்தைச் சோதிச்சனியோ?”

“அவசரமில்லை எண்டு டொக்டர் சொன்னவர். அம்மாவின்ர ஃபைல்ல, வேற ஒருத்தருக்கும் இல்லையெண்டுதானே கிடக்கு. அதைப் பாத்துத்தான் என்ர ஃபைல்லயும் எழுதியிருக்கு. ஆறுதலாச் செய்வம்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கிளினிக் வாங்கில் நான் எழுதிய அந்த ஒரு சொல் கோப்பிலிருந்து கோப்புக்குப் போய், இத்தனை வருடம் கழித்து உன் பிள்ளையின் பெயருக்குக் கீழே வந்து நிற்கிறது. உனக்கு நோய் வந்த வயதை அவள் நெருங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். ‘இறந்த காரணம்’ என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். உனக்குத் தந்த வாக்கை மீறிவிட்டேன், மன்னிப்புக் கேட்கவில்லை. நீ அன்று காக்க நினைத்தது இவளைத்தான், நானும் இன்று அதைத்தான் செய்கிறேன். ஆனால் அந்த ‘இல்லை’ என் கையெழுத்து. உன் மேல் பழி போட்டுத் தப்ப மாட்டேன். இருக்கும்வரை அதைச் சுமப்பவள் நான்தான். என் இரத்தத்தையும் சோதனைக்கு எடுக்கட்டும். எந்த நாள் என்றாலும் அவளோடு போவேன்.

இந்த மடலின் பிரதி ஒன்றைப் படிவத்தோடு சேர்த்து உன் மகளுக்கு அனுப்புகிறேன். தொலைபேசியில் கேட்டால் என் குரல் ஒத்துழைக்காது. ஆகவே, படிவம் கிடைத்தது என்றும், எந்தத் திகதியில் இரத்தம் கொடுக்கப் போகிறாள் என்றும் அவள் எனக்குக் கைப்பட எழுதிப் பதில் அனுப்ப வேண்டும்.