வெயிலில் காய்ந்த இசைத்தட்டு

டிசம்பர் 27, சனி

எங்கள் ஜாஸ் வாட்ஸ்அப் குழுவில் கிறிஸ்துமஸ் பரிசுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு நவி மும்பை ஐரோலிக்காரர் ஒருவர் பெயர் வந்தது. வீட்டில் எது உயர்ந்ததோ அதைக் கொடுப்பதுதான் மரியாதை. என் வீட்டுக்காரர் ஓட்டலில் சர்வராக இருந்தபோது, அங்கே ஜாஸ் வாசித்த பேண்டு மாஸ்டர் தன் இசைத்தட்டு ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார். அதை அனுப்பினேன். குழுவில் வேறு யாரிடமும் அது இல்லை, கடையிலும் கிடைக்காது. எங்கள் பிளேயர் கெட்டு எட்டு வருஷம் ஆகிறது. ஐரோலிக்காரர் சுற்றவிட்டால் நானும் ஒரு தடவை கேட்கலாம் என்றிருந்தேன்.

அழுக்கோடு அனுப்பக் கூடாதென்று சீயக்காய் போட்டுக் கழுவி, தகர ஷீட்டின் மேல் காயவைத்துத்தான் அனுப்பினேன்.

சாயங்காலம் குழுவில் அவர் வீடியோ வந்தது. தட்டு அப்பளம் போல நெளிந்து, ஊசி எகிறி எகிறி விழுந்தது. பேத்தி செல்வி என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி, இத வெயில்லயா போட்டிய?"

"பின்னே, ஈரத்தோடயா குடுக்க?"

அவர் இந்தியில் எழுதியிருந்ததை அவளே வாசித்துச் சொன்னாள். "பரவால்லயாம் ஆச்சி. முள்ளு வச்சி சுவர்க் கடிகாரம் ஆக்கிக்கிடுதாராம்."

எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். நல்ல மனிதர்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. இனி அந்தப் பாட்டு எங்கேயும் இல்லை.

"என்ன பதில் போட?" என்றாள் செல்வி.

கடிகாரம் சரியான நேரம் காட்டட்டும் என்று போடச் சொன்னேன்.