உள்ளே இருக்கிற ஒருத்தர்

மார்ச் 4

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உனக்குக் கல்யாணமான பிறகு இப்போதுதான் அக்கா ஞாபகம் வந்ததாக்கும்! அதுவும் என் உடம்பைப் பற்றி ஒரு வரி, ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு பக்கம். பேங்கில் அதிகாரியாகியும் ஊர்க்கதை கேட்கும் ஆசை உனக்குப் போகவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். எங்கள் மருந்துக் கிடங்கு பல்லை இளிக்கிறது. கையுறை கொடுப்பவர் ரொக்கத்தைப் பார்க்காமல் வண்டியைவிட்டு இறங்குவதில்லை. நர்சுகளுக்கெல்லாம் அரைச் சம்பளம்தான். பெரிய டாக்டர் மட்டும் அசரவில்லை. வேறு யாரோ ஆஸ்பத்திரியை வாங்க வருகிறார்களாம். "ஒரு மாசம் பொறுத்துக்கங்க சிஸ்டர், கரையேறிடலாம்" என்கிறார். இதை வெளியே சொல்லிவிடாதே.

உன் அத்தானுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், எங்கள் வார்டிலேயே. நான் ஊசி போட்டால் வலிப்பதே இல்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்கிறார்.

உன் அக்கா

மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். உன்னைப் போல் எழுத ஆள் கிடையாது. வாங்க வருகிறவர்கள் யார், எப்போது கையெழுத்தாம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். இங்கே தலைக்கு மேல் வேலை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். கடன் கொடுத்த பேங்க் ஆஸ்பத்திரி மேல் திவால் மனு போட்டதும், வாங்க வந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். அது உன் பேங்க் என்பதே எனக்குக் கோர்ட்டில்தான் தெரிந்தது.

நர்சுகள் எல்லாரும் போயிருந்தோம். உங்கள் வக்கீல் எழுந்து, "மருந்துக் கிடங்கு பல்லை இளிக்குதுன்னு உள்ளே இருக்கிற ஒருத்தரே எழுதியிருக்காங்க" என்றார். கோர்ட்டே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவளும் சிரித்துவிட்டு, "எந்தப் பாவி எழுதினது?" என்று என்னிடமே கேட்டாள்.

நீ கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை எழுது. நம்பிவிடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

கோபப்படாதே. பேங்கில் இருப்பதும் ஜனங்கள் போட்ட பணம்தானே? அதை மீட்பது என் வேலை. நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். முந்திக்கொண்டதால் எங்களுக்குப் பாதியாவது தேறும். உன் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். அத்தானுக்கு வேறு இடமா கிடைக்காது?

தம்பி

மே 6

தம்பிக்கு,

வேறு இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போகிறோம். எங்கள் வார்டுக் கூட்டம் முழுக்க அங்கேதான் முட்டி மோதுகிறது. மூன்று நாள் இப்போது ஒரு நாளாகிவிட்டது. அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கையுறைக்காரருக்குப் பழைய பாக்கியில் சல்லிக்காசு தேறாதாம், வண்டியை விற்றுவிட்டார்.

எனக்கு நீ செய்தது துரோகம். வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் பெயர் வரவில்லை என்று நன்றி சொல்வேன் என எதிர்பார்த்தாயா?

நேற்று பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவர் சொல்கிறார்: "மச்சானுக்கு ஒரு வரி எழுதிப் போடு. பேங்க்ல பெரிய ஆளு. நமக்குன்னா ஓடி வருவான்."

அவரிடம் எதையும் சொல்லவில்லை. இந்த உடம்போடு அதையும் அவர் தாங்கமாட்டார். எனக்கு இனி எழுதாதே. எழுதுவதானால் அவருக்கு எழுது. அவர் இன்னும் உன்னை நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அத்தானின் மனைவி