தொந்தியின் தொட்டியில் வெளிச்சம்

மார்ச் 18, புதன்

ரத்தக் கொதிப்பு நூற்றி அறுபதுக்கு நூறு. டாக்டர் கருவியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். உப்பைக் குறைக்க வேண்டுமாம், நடக்க வேண்டுமாம், கோபம் வந்தால் யார் மேலும் பாயாமல் ஒரு நோட்டில் எழுத வேண்டுமாம். "எழுதினா இறங்கிடும்மா. தினமும் எழுதுங்க."

நோட்டு வாங்கியாயிற்று. எங்கே உட்கார்ந்து எழுதுவது? வீட்டில் இவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். பாதிக் கோபம் இவர் மேல்தான் என்பதால் அது சரிப்படாது. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் எங்கள் எலெக்ட்ரீஷியன் – ஷாக் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம் – விசிலடித்துக்கொண்டே சாப்பிடுவான். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனால் எப்படி விசிலடிக்க முடியும்? ஆறு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் புரியவில்லை.

ஆகவே தொட்டி அறை. மத்தியான இடைவேளையில் ஈ காக்கா இருக்காது. குளிர்ச்சியாக, இருட்டாக, தண்ணீர் சத்தத்தோடு நிம்மதியாக இருக்கிறது. தங்கச்சி பிறந்தநாளுக்குக் கொடுத்த குட்டி கிளிப் விளக்கைத் தொட்டி விளிம்பில் மாட்டிக்கொண்டேன். மடியில் நோட்டு பளிச்சென்று தெரிகிறது.

இன்றைய கோபம்: விசில்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் ஒருநாள் நோட்டைக் காட்டச் சொன்னால் அவருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அதனால் ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

இந்த அறையில் இரண்டு பவளங்கள் இருக்கின்றன. பார்த்தால் கல், உண்மையில் பிராணி, உடம்பெல்லாம் குட்டி குட்டி வாய். இரண்டு வருடத்துக்கு முன் கடல் சூடானபோது எங்கள் ஊர்ப் பவளத் திட்டில் இருந்த இந்த வகைப் பவளம் அத்தனையும் வெளுத்துச் செத்தது. மிஞ்சியவை இவை இரண்டும்தான். ஒன்று தட்டையாகச் சாய்ந்திருக்கும், அது தலையணை. இன்னொன்று முன்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும், அது தொந்தி. நடுவில் கறுப்புத் திரை. என் நாற்காலி தொந்தி பக்கம்.

ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். முட்டையையும் விந்தையும் சேர்த்து இளஞ்சிவப்பு மணியாக உருட்டி வெளியே விடும். எல்லாமே கையில் இருக்கிறதே, தானே பிள்ளை பெற்றுக்கொள்ளலாமே என்றால், அதுதான் கிடையாது. தன் முட்டையில் தன் விந்து சேராது. இன்னொன்றினுடையது வேண்டும். அதுவும் அதே நாளில், அதே மணியில். வருடத்தில் ஒரு பௌர்ணமி, மிஞ்சிப் போனால் இரண்டு. அதை விட்டால் அடுத்த வருடம்தான்.

போன வருடம் இரண்டுக்கும் தெம்பில்லை. இந்த வருடம் வயிற்றில் முட்டை இருக்கிறது, எங்கள் ஆராய்ச்சி நிலையத்துத் தலைவி மேடம் ஒரு துணுக்கை உடைத்துப் பார்த்துவிட்டார். ஆனால் தொந்தியின் இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு. ஜனவரியில் சட்டைப் பொத்தான் அளவு. இப்போது உள்ளங்கை அளவு. "அடுத்த வருஷம் இது இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் மேடம்.

என் வேலை நிலா. இந்த அறையின் சூரியனும் நிலாவும் விளக்குகள்தான், சுவிட்ச் என் கையில். ராத்திரி கண் விழிக்க முடியாது என்று மேடம் பகலையும் இரவையும் திருப்பிப் போட்டுவிட்டார். மத்தியானம் பன்னிரண்டுக்கு எங்களுக்குச் சூரியன் மறையும். பௌர்ணமிக்குப் பிறகு நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழும் அல்லவா? சூரியன் போய் நிலா வருவதற்குள் இருக்கும் அந்த இருட்டுதான் பவளத்துக்குச் சாடை. அந்த இருட்டு கிடைத்தால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ விடும். இருட்டு கெட்டால் விடாது.

கதவில் நானே அறிவிப்பு எழுதி ஒட்டியிருக்கிறேன்: "இருட்டு நேரத்தில் சிவப்பு விளக்கு மட்டும்! டார்ச், செல்போன் கூடாது! மீறினால் நடப்பதே வேறு!" மூன்று ஆச்சரியக்குறி. மேடம் ஒன்று போதும் என்றார்.

இன்றைய கோபம்: ஒன்று போதும் என்றது.

மார்ச் 27, வெள்ளி

இவர் மறுபடியும் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். வேண்டாம், எழுத ஆரம்பித்தால் நோட்டு தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 2, வியாழன்

எங்கள் பௌர்ணமி. பன்னிரண்டு மணிக்குச் சூரியனை அணைத்தேன், நிலாவை ஏற்றினேன். ஷாக் பின்னால் நின்று கும்பிட்டான். "ஊருக்கே வெளிச்சம் குடுக்குறீங்களே அக்கா, எங்க வீட்டு மாடிப்படிக்கும் ஒண்ணு போடுங்க." சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 8, புதன் – ஒன்று பத்து

ஆறாம் நாள். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மேடமும் ஷாக்கும் ஒன்றே முக்காலுக்குத்தான் வருவார்கள். படபடப்பு அடங்கட்டும் என்று முன்னாலேயே வந்து எழுதுகிறேன். தொந்தி கிளிப் விளக்கில் தங்கம் மாதிரி இருக்கிறது. சமர்த்தா இருடா செல்லம்.

அதே நாள் – சாயங்காலம், பஸ்ஸில்

தலையணை விட்டது. இரண்டு ஐந்துக்கு ஒவ்வொரு வாயிலும் ஒரு மணி எட்டிப் பார்த்தது. இரண்டு இருபதுக்கு எல்லாம் ஒன்றாகக் கழன்று மெதுவாக மேலே போயின. ஷாக் விசிலடிக்கவில்லை.

திரையைத் தள்ளிக்கொண்டு தொந்தியிடம் ஓடினேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. நான்கு மணிவரை பார்த்தோம். ஒன்றுமில்லை. தலையணையின் மணிகள் துணையில்லாமல் மிதந்து மிதந்து உடைந்தன. வாளியில் அள்ளிக் கொட்டியவள் நான்தான். ஒரு கல் மாதிரிப் பிராணிக்காக பஸ்ஸில் உட்கார்ந்து அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

நேற்றும் இல்லை. இன்றும் இல்லை. தலையணை பாதிதான் விட்டிருக்கிறதாம், மீதி அடுத்த பௌர்ணமிக்கு. தொந்தி முழுசாக வைத்துக்கொண்டிருக்கிறது. "இன்னும் ஒரு தடவை இருக்கு. அதோட சரி" என்றார் மேடம்.

ஏப்ரல் 13, திங்கள்

ஞாயிறு முழுக்க யோசித்தேன். இரண்டு தொட்டிக்கும் ஒரே தண்ணீர், ஒரே சாப்பாடு, ஒரே நிலா. ஒன்று விடுகிறது, ஒன்று விடவில்லை என்றால்? எவனோ தொந்தி பக்கம் வெளிச்சம் அடித்திருக்கிறான். எவனோ என்ன எவனோ! இந்த அறைக்கு என்னையும் மேடத்தையும் விட்டால் யாரிடம் சாவி இருக்கிறது? இடுப்பில் டார்ச்சைச் செருகிக்கொண்டு திரிகிறவன் யார்?

கேட்டேவிட்டேன். "நானா? அக்கா, உங்க போர்டைப் பாத்தா எனக்கே பயம். உள்ள வர்றப்ப கண்ணையே பாதி மூடிக்கிட்டு வர்றேன்" என்கிறான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாத பாப்பா.

கதவருகே ஒரு கையெழுத்துப் புத்தகம் போட்டுவிட்டேன். பெயர், நேரம், கொண்டுவந்த விளக்கு, காரணம். யார் உள்ளே போனாலும் எழுத வேண்டும். பொறுப்பாளர் தவிர, அதாவது நான் தவிர.

இன்றைய கோபம்: அவன் அதில் "காரணம்" என்ற இடத்தில் "வேலைக்காரன் என்பதால்" என்று எழுதியது.

ஏப்ரல் 15, புதன்

மேடத்திடம் நச்சரித்து வெளிச்சம் அளக்கும் கருவி வாங்கிவிட்டேன். தீப்பெட்டி அளவுதான். தொட்டிக்குள் போட்டால் எந்த நிமிஷம் எவ்வளவு வெளிச்சம் என்று குறித்துக்கொண்டே இருக்கும். தொந்தியின் காலடியில் ஒன்று, தலையணையிடம் ஒன்று. ஷாக்கிடம் சொல்லவில்லை. இனி தப்பிக்கட்டும் பார்க்கலாம்.

ஏப்ரல் 24, வெள்ளி

மாட்டினான்!

கருவியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டோம். தலையணை பக்கம் கும்மிருட்டு. தொந்தி பக்கம் வேலை நாள்தோறும் ஒன்று ஐந்திலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை வெளிச்சம்! அரை மணி நேரம்! சனி ஞாயிறில் இல்லை. மேடம் வாயைப் பிளந்தார். "இவ்ளோ ஒழுங்கா யாரு பண்றா?" நான் ஷாக்கின் நாற்காலியைப் பார்த்தேன். அது போதும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வெளிச்சம் வரவில்லை. அன்று அவன் லீவோ என்று பார்த்தால் இல்லை, நாள் முழுக்க இருந்திருக்கிறான். நான்தான் டாக்டரிடம் போயிருந்தேன். அதிலிருந்தே தெரிகிறதே – நான் இருக்கும் நாளில் மட்டும் செய்கிறான். என்னை வெறுப்பேற்றத்தான்! என்ன ஒரு கெட்ட புத்தி!

டாக்டர் அன்று பார்த்தது நூற்றி எழுபது. "எழுதுறீங்களா?" என்றார். தினமும் எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 27, திங்கள்

1.03 – இன்று கையும் களவுமாகப் பிடிக்கிறேன். நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறேன். நடப்பதை அப்படியே குறித்துவைக்க நோட்டு மடியில்.

1.08 – யாரும் இல்லை.

1.14 – வெளியே காலடிச் சத்தம். போய்விட்டது. மோப்பம் பிடித்துவிட்டானோ?

1.20 – வரவில்லை. நேரம் ஆகிக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒன்று ஐந்துக்கே வந்திருக்கிறானே? வெள்ளிக்கிழமை ஒன்று ஐந்துக்கு நான் இங்கேதான் இருந்தேன். வியாழக்கிழமையும் இருந்தேன். அப்படியென்றால் எப்படிப் பார்க்காமல் போனேன்? எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

1.24 – ஒன்று ஐந்திலிருந்து ஒன்று முப்பத்தைந்து வரை தினமும் நான் இங்கேதான்

1.25 – எழுதிக்கொண்டு

1.26 – இருட்டில் எப்படி எழுதுவேன்

1.27 – ஐயோ.

ஐயோ ஐயோ ஐயோ. நான்தானா? ஒரு மாசமா நான்தானா? ஐயோ தொந்தி. அணைச்சிட்டேன்டா, இதோ அணைச்சிட்

ஏப்ரல் 28, செவ்வாய் – பின்பக்கப் படிக்கட்டு, நல்ல வெயில்

நேற்று அணைத்துவிட்டு அப்படியே இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிளிப் விளக்கை ஒரு விளக்காகவே நான் நினைத்ததில்லை. மின்மினிப் பூச்சி அளவு. மூன்று ஆச்சரியக்குறி போட்ட கையால்தான் அதைத் தொட்டி விளிம்பில் மாட்டியிருக்கிறேன், தொந்தியின் தலைக்கு நேர் மேலே.

ராத்திரி இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "போய்ச் சொல்லிடு, இல்லேன்னா அதுக்கும் சேத்து உனக்குக் கொதிப்பு ஏறும்" என்றார். துண்டைக்கூடக் கொடியில் போட்டார்.

காலையில் மேடத்திடம் சொன்னேன். அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பதறிப் போய்த் தோளைத் தொட்டால் – சிரிப்பு! சிரித்து முடித்துவிட்டு, "அந்த நோட்டைக் குடுங்க. எந்தெந்த நாள் விளக்கு எரிஞ்சுதுன்னு இதவிட நல்ல கணக்கு எங்க கிடைக்கும்?" என்றார். ஆச்சரியக்குறி சங்கதியெல்லாம் இதில்தானே இருக்கிறது! தேதிகளை மட்டும் தனித்தாளில் எழுதித் தருகிறேன் என்று தப்பித்து வந்தேன்.

ஷாக்கிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். "தம்பி, அது நான்தான்" என்றேன். திருகாணியைக் கீழே வைத்தான். "தெரியும் அக்கா."

"தெரியுமா?"

"மெயின் போர்டு சத்தம் கேட்டு போன வாரம் எட்டிப் பாத்தேன். தூரத்துல ஒரு வெளிச்சம், நடுவுல உங்க முகம். ரொம்பக் கோவமா எழுதிட்டு இருந்தீங்க. சாமியாடுற மாதிரி இருந்துச்சு, அப்படியே திரும்பிட்டேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அவன் அக்கா என்று கூப்பிட்ட அத்தனை நாளும் நான் அவனைத் திருடனாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டு, முழுசாக. வெட்கமாக இருந்தது.

மத்தியானம் கையெழுத்துப் புத்தகத்தைப் பார்த்தால், புத்தகம் போட்ட நாளிலிருந்து ஒன்றுவிடாமல் நிரப்பியிருக்கிறான். பெயர்: அக்கா. நேரம்: 1.05. விளக்கு: ஒன்று. காரணம்: கோபம்.

இனி நோட்டு அந்த அறைக்குள் போகாது. தொந்தி விடும்வரை எழுதுவதே இல்லை.

மே 7, வியாழன் – படிக்கட்டு, நாலரை மணி

ஆறாம் நாள். சிவப்பு விளக்கு ஒன்றுதான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், எதையாவது தொட்டுவிடுவேனோ என்று பயம்.

தலையணை இரண்டு ஐந்துக்கு. தொந்தி – ஒன்றுமில்லை. இரண்டு பத்து, ஒன்றுமில்லை. இரண்டு பதினைந்துக்கு நான் மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன், என்னைத்தான். அப்போது ஷாக் குனிந்து, காற்றாகச் சொன்னான்: "அக்கா, வாயப் பாருங்க."

ஒவ்வொரு வாயும் உப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு இளஞ்சிவப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அந்த வெள்ளைத் திட்டின் ஓரம்வரை. பிறகு ஒன்று கழன்றது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. மேடம் இரண்டு தொட்டியின் மணிகளையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்துக் கலக்கினார்.

நான் அழுதேன். ஷாக்கும் அழுதான், ஆனால் தண்ணீர் தெறித்துவிட்டதாம்.

புத்தகத்தில் அவன் எழுதியது: பெயர்: தொந்தி. நேரம்: 2.31. விளக்கு: இல்லை. காரணம்: அக்கா எழுதவில்லை.

மே 14, வியாழன் – படிக்கட்டு

கலந்த முட்டைகள் பொரிந்து, தொட்டியில் போட்டிருந்த ஓட்டுச் சில்லுகளில் பவளக் குட்டிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினோம்: அறுநூற்றிப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. பிழைத்துத் தேறுகிறவை கடலுக்குள் அந்தப் பவளத் திட்டுக்குத் திரும்பிப் போகும். தொந்தியின் வெள்ளை குறையவில்லை. இரண்டு நாளாக வளரவும் இல்லை.

காலையில் டாக்டரிடம் போனேன். நூற்றி முப்பதுக்கு எண்பத்தைந்து. "பாத்தீங்களா, எல்லாம் எழுதினதாலதான்" என்று பெருமையாகச் சொன்னார். நான் நோட்டைப் பைக்குள் தள்ளினேன்.

ஷாக் பக்கத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், விசிலோடு. "என்னைப் பத்தி எழுதுறீங்களா அக்கா?" என்கிறான்.

இன்றைய கோபம்: யோசித்துக்கொண்டிருக்கிறேன். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு எப்படி விசிலடிக்கிறான் என்று மட்டும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். சோற்றை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறான்.