பன்னிரண்டாம் வீட்டில் சத்தமில்லை

சிம்மக்கல், மதுரை
12.10.2008

அன்புத் தம்பி மெர்வினுக்கு,

ரவிசங்கர் எழுதுவது. வெயில் ஊரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் வேண்டினால் கேட்பாளா என்று சிரிக்காதே. உனக்காக என்றால் கேட்பாள்.

உன் மஸ்கட் விலாசத்தை ஷெரின்தான் தந்தாள். லேசில் தரவில்லை. மூன்று முறை அலையவிட்டு, நாலாவது முறை, “அண்ணன்கூட சண்டை போடத்தான கேக்குறீங்க?” என்றாள். உன் தங்கை உன்னை மாதிரி இல்லை, வாயைத் திறந்து கேட்டுவிடுகிறாள். மின்னஞ்சல் ஏழு போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தாளில் எழுதினால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பாய் என்று இதை எழுதுகிறேன்.

இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியவில்லை. பேட்டரி போதாமல் ஒரு ஜெனரேட்டர் வாங்கி மொட்டைமாடியில் ஏற்றியிருக்கிறேன். கீழ்க்கடை மிளகாய் வத்தல் நெடி அப்படியேதான் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் ஃபேனைத் துடைக்கும்போதெல்லாம் தும்முகிறேன். உன் அண்ணி வசுந்தரா சுகம்.

காம்பவுண்டில் இப்போது பதினெட்டுக் குடித்தனம். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பேரை வைத்தவன் நீதான், ஞாபகம் இருக்கிறதா? ஒரு பெரிய கம்ப்யூட்டரைத் தடுப்புப் போட்டுப் பதினைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி சர்வராக வாடகைக்கு விடுகிறோம் என்று தொடக்கத்தில் நான் தொண்டை வற்றச் சொல்லியும் ஊரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. நீ குறுக்கே வந்து, “அண்ணே, காம்பவுண்டு வீடுன்னு சொல்லுங்க. ஒரே வாசல், ஒரே பம்ப்பு, உள்ள பதினஞ்சு குடித்தனம். ஒருத்தர் வீட்டுக்குள்ள இன்னொருத்தர் எட்டிப் பார்க்க முடியாது” என்றாய். அன்றைக்கே இரண்டு பேர் குடிவந்தார்கள். அதிலிருந்து நமக்குள் சர்வர் என்ற பேச்சே இல்லை, எல்லாம் வீடுதான்.

தம்பி, ஒரு விஷயம். தினமும் காலை பதினொன்றே கால் மணிக்கு உன் செய்தி என் போனுக்கு வருகிறது. “அண்ணே, 12-ம் வீட்டுல சத்தம் இல்ல. போய்ப் பாருங்க.” வீடுகளை வெளியிலிருந்து கண்காணிக்க நீ எங்கோ ஒரு மூலையில் எழுதி வைத்துவிட்டுப் போன புரோகிராம், அந்தக் காவல்காரன், இன்னும் அசராமல் வேலை பார்க்கிறான். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஒரு நாள்கூடத் தவறியதில்லை. எழவு வீட்டில் நின்றபோதும் வந்தது. சித்திரைத் தேரன்று, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோதும் வந்தது. உன் பேச்சு, உன் ‘அண்ணே’. போனைத் தூக்கிப் போட்டுவிடலாம் போல இருக்கும்.

பன்னிரண்டில் ஒரு வெற்று வீட்டைக் கட்டிக் கதவைத் திறந்து வைத்தால் போதும், காவல்காரன் வாயை மூடிக்கொள்வான். அது தெரியாதவன் இல்லை நான். பிறகு வந்த குடித்தனங்களுக்குப் பதினாறு, பதினேழு என்று எண் கொடுத்தேனே தவிர, பன்னிரண்டில் ஒருத்தரையும் வைக்க மனசு வரவில்லை.

அது மரியராஜ் சார் வீடு. உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், ஓய்வு பெற்ற பிறகு கேமராவும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்தில் அலைந்து, அறுநூற்று நாற்பது கல்லைப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருந்த எழுத்தைத் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தார். இடம் போதாமல் பழைய குழிகளைத் திறந்து புது ஆட்களை வைக்கும்போது கல்லைப் பெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள், பேராவது மிஞ்சட்டும் என்றார். உன் அம்மா செபஸ்தியம்மாளின் கல்லும் அப்படிப் போனதுதான். வேலை இல்லாத நேரத்தில் நீ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. ஏற்றி முடித்த படங்களைக் கேமராவிலிருந்து அழித்துவிட்ட சார், குடியிருந்த வீட்டை மாற்றியபோது எழுதி வைத்த நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். போடச் சொன்னவன் நான். “சார், கல்லுகூடப் போயிரும், இது போகாது” என்று வாய் கூசாமல் சொன்னேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இதற்கு மேல் சுற்றி வளைக்க முடியாது.

போன வருஷம் ஆயுத பூஜையன்று நீ தூத்துக்குடியில் ஷெரின் நிச்சயதார்த்தத்தில் இருந்தாய். முந்தின நாள் சாயங்காலம் டிஸ்குகளில் ஏதோ இடம் மாற்றி அமைத்துவிட்டு பஸ் ஏறினாய். அதற்கு முந்தைய இரண்டு பூஜையிலும், “பொட்டு வையுங்க, மாலை போடுங்க, சுவிட்சை மட்டும் தொட்டுறாதீங்கண்ணே” என்று காவல் நின்றவன் நீ. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தறி ஓடாது, தையல் மிஷின் ஓடாது, அரிவாள்மனைகூடப் படுத்திருக்கும். மூன்று வருஷம் ஒரு நிமிஷம்கூட நிற்காத பெட்டியைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. லீவு நாள், யார் பார்க்கப் போகிறார்கள், ஒரு மணி நேரம் ஓய்வு எடுக்கட்டும் என்று நானே அணைத்தேன். பெரிய பெட்டி, பக்கத்திலிருந்த நகல் பெட்டி, இரண்டையும். சந்தனம் வைத்து, பொரிகடலை படைத்து, சூடம் காட்டினேன். தேங்காய்கூட நன்றாகத்தான் உடைந்தது.

திரும்பப் போட்டபோது பெரிய பெட்டி எழவில்லை. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நகல் பெட்டியிலும் ஒரு டிஸ்கு எழவில்லை. பதினான்கு வீடு எப்படியோ மீண்டுவிட்டது. எழாத அந்த டிஸ்கில்தான் பன்னிரண்டு இருந்தது.

நீ ஓடி வந்தாய். நீ முகத்தைக்கூடக் கழுவவில்லை. நான் அதற்குள் சந்தனப் பொட்டுகளையெல்லாம் துடைத்து வைத்திருந்தேன். மரியராஜ் சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, உன் முன்னாலேயே, “தம்பி நேத்து என்னமோ மாத்தி வச்சிட்டுப் போயிருக்கான் சார், அதுல போச்சு” என்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாய். உன் அம்மா பேரை உன் கையாலேயே அழித்துவிட்டதாக நீ நம்பியதை நான் கண்ணால் பார்த்தேன்.

எட்டாம் நாள் சென்னையில் டிஸ்கைப் பிரித்துப் பார்த்தவர் போன் செய்தார். பிள்ளை மாற்றி வைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வருஷக்கணக்கில் ஓடிய டிஸ்கு ஓடும் வரைக்கும்தான் ஓடும், நிறுத்தினால் சில எழாது, யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். அப்போது நீ எதிரே உட்கார்ந்து குடித்தனக்காரர்களிடம் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னாச்சுண்ணே என்று கேட்டாய். ஒன்றும் தேறாதாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த மாதம் நீ விமானம் ஏறினாய்.

நான்தான் மெர்வின். நீ இல்லை. நீ எதையும் அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எந்தச் சுவிட்சையும் அணைப்பதில்லை. வீட்டில் ஃபேனைக்கூட வசுந்தராதான் அணைக்கிறாள். பெட்டிக்குள் கேட்ட அந்த டக், டக் சுவர்க் கடிகாரத்திலும் கேட்கிறது என்று அதைக் கழற்றித் துணிக்குள் சுருட்டி அலமாரியில் வைத்தேன். அங்கிருந்தும் கேட்கிறது. போன புதன்கிழமை மறுபடி ஆயுத பூஜை வந்தது. எதற்கும் பொட்டு வைக்கவில்லை, வாசலில் நின்றேன். பதினொன்றே காலுக்கு உன் செய்தி வந்தது.

இதைப் படித்துவிட்டால் அந்தக் காவல்காரனை நிறுத்திவிடு. அவனை நான் ஏமாற்றி நிறுத்தக் கூடாது, நீதான் நிறுத்த வேண்டும். ஒரு நாள் அந்த நேரத்துக்கு என் போன் சும்மா இருந்தால், தம்பிக்கு உண்மை தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் மன்னிப்புக்குத் தகுதி இல்லாத
அண்ணன் ரவிசங்கர்

*

சிம்மக்கல், மதுரை
23.11.2008

அன்புத் தம்பி மெர்வினுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று ஷெரினிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் நாலாம் தேதி செய்தி வரவில்லை. போனை மேஜையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். சிக்னல் இல்லையோ என்று மொட்டைமாடிக்குப் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றேன். வரவில்லை. நீ படித்துவிட்டாய் என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். இந்த இருபது நாளும் பதினொன்றே கால் ஆனால் கை தானாகப் போனுக்குப் போகிறது. குத்திக்காட்டவாவது ஒருத்தன் தினமும் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் இல்லை. கேட்டு வாங்கியது நான்தான், யாரைச் சொல்ல?

மரியராஜ் சார் வீட்டுக்குப் போனேன். அவனியாபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். கையை ஓங்கினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். “மெர்வினுக்குத் தெரியுமா?” என்று அது ஒன்றைத்தான் கேட்டார். எழுதிவிட்டேன் என்றதும் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஒரு வருஷமாக, பெயர்த்துப் போட்ட கற்களில் ஞாபகத்தில் இருக்கிறதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாராம். நூற்றுப் பதினொன்று தேறியிருக்கிறது. கை நடுக்கத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது. இனி ஞாயிறுதோறும் நான் போய் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் உன் அம்மா இருக்கிறார். செபஸ்தியம்மாள், பிறந்த தேதி, இறந்த தேதி, அதற்குக் கீழே ஒரு சிலுவை. அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது, ஒன்பதாவது படிக்கும்போது நீயே எழுதிக் கொடுத்துக் கல்லில் வெட்டச் சொன்ன வரி என்கிறார் சார். எவ்வளவு யோசித்தும் அவருக்கு அது வரவில்லை. கோடு போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

உன் செய்தி நின்ற பிறகுதான் பன்னிரண்டாம் வீட்டில் கை வைத்தேன், கட்டி முடித்துவிட்டேன். இந்த முறை மூன்று ஊரில் மூன்று நகல். கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே இன்னும் ஒன்றும் ஏற்றவில்லை. முதலில் உன் அம்மாதான் வர வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார்.

என்னோடு நீ பேச வேண்டாம். அண்ணே என்று கூப்பிட வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் என் போனுக்கு அனுப்பு. நான் பதினொன்றே காலுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன்
ரவிசங்கர்