மறைப்புக்குப் பின்னால் தனியாக

மார்ச் 30, 2025 - ஞாயிறு

இந்தக் கொப்பியை யார் வாசித்தாலும் முதலில் பொறுத்தருள வேண்டும். என் எழுத்துகள் நேராக நிற்பதில்லை. சில கோட்டுக்கு மேலே பறக்கின்றன, சில கீழே விழுந்து கிடக்கின்றன. "ண"வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறேன். எழுபத்தொரு வயதில் எழுதப் பழகியவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இவ்வளவும் எழுதுவதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

பெயர் சூசைதாசன். பிறந்தது மன்னார், இப்போது இருப்பது கடல் கடந்து வந்த குளிர்நாட்டில், மோர்னிங்சைட். பக்கத்து அஜின்கோர்ட்டில் ரொட்டி சுடும் ஒரு பாண் தொழிற்சாலையில் பாணைப் பைக்குள் போடுவது என் வேலை. எட்டு வயதில் கடலுக்குப் போனவன், பள்ளிக்கூடம் போகவில்லை. போன வருடக் கடைசியிலிருந்து நூலகத்தில் சாம்பவி ரீச்சர் எங்களைப் போன்ற முதியவர்களுக்குத் தமிழ் எழுத்தும் இங்கிலிஷ் எழுத்தும் சொல்லித் தருகிறா. இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். ஷாம்புப் போத்தலைக்கூட விடுவதில்லை. என் மனைவி கிளடிஸ், "இஞ்சாருங்கோ, குளியலறைக்குள்ளை இருந்து சத்தம் போட்டு வாசியாதேங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் பொலிசைக் கூப்பிடப் போகினம்" என்கிறாள்.

தேர்தல் வருகிறது. வீதியோரப் புல்லெல்லாம் பெயர்ப் பலகைகள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அவற்றை வாசித்துப் பழகுகிறேன். பாதிப் பெயர் வாசிப்பதற்குள் பஸ் போய்விடும். சிவப்பு விளக்கு விழுந்தால் ஒரு வேட்பாளர் முழுதாகக் கிடைப்பார்.

ஏப்ரல் 3 - வியாழன்

அகஸ்ரின் வந்து போனான். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். பன்னிரண்டு வருடமாக அவனேதான் தலைவர். சங்கத் தேர்தலில் அவனுக்கு எதிராக நிற்க ஒருவரும் வருவதில்லை, ஏனென்றால் தேர்தல் எந்த நாளில் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"மாமா, ஈஸ்டருக்கு மறுநாள் முன்கூட்டி வோட்டுப் போடலாம். வான் வரும். தேத்தண்ணி, ரோல்ஸ் எல்லாம் இருக்கு. நீங்கள் ஏறி இருந்தால் காணும்."

எனக்கு மூன்று தேர்தல் இப்படித்தான் நடந்தது. வாசிக்கத் தெரியாதவருக்கு உதவிக்கு ஒருவர் வரலாம் என்பது இங்கே சட்டம். நல்ல சட்டம். வாக்காளர் சொல்கிறபடி அடையாளம் போடுவேன், வெளியே சொல்லமாட்டேன் என்று உதவிக்கு வருகிறவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அகஸ்ரின் வலக்கையை உயர்த்தி, ஞானஸ்நானத்தில் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கும் தலைத்தொட்டப்பனைப் போல உறுதிமொழி கொடுப்பான். பிறகு மறைப்புக்குப் பின்னால் என்னையும் கூட்டிக்கொண்டு போய், என்னைக் கேட்காமலே பென்சிலால் ஒரு கோடு இழுப்பான்.

ஒருமுறை, "ஆருக்குத் தம்பி போட்டனி?" என்று கேட்டேன்.

"நல்ல ஆளுக்குத்தான் மாமா" என்றான்.

இந்தமுறை வானில் ஏறமாட்டேன். தேர்தல் நாளில் நானே போய் நானே போடுவேன். அவனிடம் சொல்லவில்லை. ரோல்ஸ் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 8 - செவ்வாய்

ஒரு சட்டத்தை என் கண்ணால் வாசித்தேன். என் கண்ணால்!

நூலகத்தில் தேர்தல் பற்றித் தமிழில் ஒரு தாள் கிடைத்தது. வாக்குச்சாவடி திறந்திருக்கும் நேரத்துக்குள் தொழிலாளிக்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டும், வேலை அதற்கு இடைஞ்சலென்றால் முதலாளி விட வேண்டும், சம்பளத்தில் வெட்டக்கூடாது என்று இருந்தது. எங்கள் வேலை பதினொன்றுக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடியும். வாக்களிப்பு ஒன்பதரை முதல் ஒன்பதரை வரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மூன்று மணி நேரம் வராது. ஆகவே அந்தச் சட்டம் என்னைப் பற்றித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதுவரை நான் அதற்கு மரியாதை செய்யாமல் இருந்திருக்கிறேன்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் பேர்ணடெற்றிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உது எனக்குத் தெரியும் அண்ணை. போனமுறை பிலிப்பைன்ஸ் பிள்ளையள் கேட்டு வாங்கினவை. எங்கடை ஆக்கள்தான் கேக்கிறதில்லை. எங்களுக்கு வான் இருக்கெல்லோ."

அப்போதுதான் விளங்கியது. அகஸ்ரினும் எங்கள் முதலாளியும் நல்ல கூட்டு. ஈஸ்டருக்கு மறுநாள் தொழிற்சாலையை மூடுகிறார்கள், சம்பளமில்லாத விடுமுறை. எல்லோரும் அன்றைக்கே வானில் போய்ப் போட்டுவிட்டால், தேர்தல் நாளில் சம்பளத்தோடு நேரம் கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் இவ்வளவு நாளும் அதை முதலாளியின் பக்தி என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 10 - வியாழன்

மூண்டு மணித்தியாலத்தைக் கேட்டுப்போட்டன். கேட்டிருக்கக் கூடாதோ?

டெனிஸ்டன் எங்கள் சுப்பவைசர். நாற்பது வயதிருக்கும், எங்கள் ஆள்தான்.

"அங்கிள், உங்களுக்கு எதுக்கு மூண்டு மணித்தியாலம்? வான் வருதுதானே."

"நான் வானிலை போகேல்லை. அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளையளுக்குக் குடுத்தனிதானே தம்பி."

"அவை வேற ஆக்கள். சட்டம் கதைப்பினம். நாங்கள் குடும்பம் மாதிரியெல்லோ அங்கிள்."

குடும்பம். மற்றவர்களுக்குச் சட்டம், எங்களுக்குக் குடும்பம். சனிக்கிழமையில் ஆள் குறைந்தாலும் குடும்பம்தான். ஓவன் பக்கம் வேலைக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் குடும்பம்தான். சம்பள உயர்வு வரும்போது மட்டும் எங்களை அடையாளம் தெரிவதில்லை.

பிறகு குரலைத் தணித்து, "உங்கடை வயசிலை மற்ற ஆக்கள் வீட்டிலை இருக்கினம். நான்தான் மேலை சொல்லி உங்களை வைச்சிருக்கிறன். யோசிச்சுக் கதையுங்கோ" என்றான்.

வேலை போனால் வீட்டு வாடகை? கிளடிஸிடம் சொல்லவில்லை. பாணைப் பையில் போடும்போது இரண்டு பை கிழிந்துவிட்டது. இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. என்ன மனுசனடா நான், வாக்குச் சீட்டிலை போடுற ஒரு புள்ளடிக்காக வேலையைத் துலைக்கப் போறன்?

ஏப்ரல் 12 - சனி

சாம்பவி ரீச்சரிடம் கேட்டேன். மனித உரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்துச் சொன்னா. வயதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையால் விலக்க முடியாதாம். இனம், நிறம், மதம் என்று வரிசையாகப் போய், வயதும் அதே வரிசையில் நிற்கிறது. டெனிஸ்டனைவிட இந்தச் சட்டம் என் வயதைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறது.

சட்டம் இருந்தாலும் பயம் இருக்கிறது. இரண்டும் ஒரே பொக்கற்றுக்குள் கிடக்கின்றன.

ஏப்ரல் 16 - புதன்

மறுபடி கேட்டேன், வயதைப் பற்றிய சட்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். இந்தமுறை சாப்பாட்டு அறையில், எல்லோரும் இருக்கும்போது. டெனிஸ்டன், "உதெல்லாம் ஆர் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினது?" என்றான்.

"நான்தான்."

"நீங்களோ?"

"ஓம். வயசைப் பற்றினதை ரீச்சர் வாசிச்சவ. மூண்டு மணித்தியாலத்தை நானே வாசிச்சனான்."

பேர்ணடெற் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, "எனக்கும் வேணும்" என்றாள். பிறகு இன்னும் இரண்டு பேர். டெனிஸ்டன் முதலாளியைக் கேட்க வேண்டும் என்று போனான். வாசலில் திரும்பிப் பார்த்தான். நான் எழுத்துப் பழகியதற்கு அவனிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமென்று நினைத்தானோ தெரியாது.

நாங்கள் நால்வரும் மாலையில் போகிறோம் என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன். ஆறரைக்கு வேலை முடித்து, நல்ல உடுப்புப் போட்டு, ஆறுதலாகப் போவது என் திட்டம்.

ஏப்ரல் 21 - திங்கள்

கிளடிஸ் வானில் போய் வந்தாள். அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும், ரோல்ஸுக்காகத்தான் போவாள். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்கிறதென்று அகஸ்ரினிடம் சொல்லிவிட்டேன்.  

அங்கே நடந்ததை அவள் சொன்னாள். சட்டப்படி நண்பராக வருகிறவர் ஒருவருக்கு மட்டும்தான் உதவலாம், சொந்தக்காரர் என்றால் எத்தனை பேருக்கும் உதவலாம். அகஸ்ரின் வானில் வந்த ஒவ்வொருவரையும் தன் மாமா, மாமி, சித்தி, பெரியப்பா என்று மேசையில் அறிமுகப்படுத்தினானாம். அவன் காலமெல்லாம் அப்படித்தானே கூப்பிடுகிறான். மேசையில் இருந்த சீனப்பிள்ளை, உங்கள் குடும்பம் மிகவும் பெரியது என்றாளாம். அவன் நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னானாம்.

"நீ ஆருக்குப் போட்டனி?" என்று கிளடிஸைக் கேட்டேன்.

"அது ரகசியம். ரோல்ஸைச் சாப்பிடுங்கோ."

நாற்பத்தாறு வருடக் கலியாணம். இவளிடம் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஏப்ரல் 24 - வியாழன்

கிடைத்துவிட்டது. சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. பேர்ணடெற் வாசித்தாள். "எங்கள் நிறுவனம் தொழிலாளரின் வாக்குரிமையை எப்போதும் மதித்து வந்துள்ளது." எப்போதும் என்ற சொல்லை மறுபடி வாசிக்கச் சொன்னேன். நேற்றிலிருந்து என்பதை இங்கே அப்படித்தான் எழுதுவார்கள் போலும்.

ஆனால் நேரம் மாலையில்லை. காலையில் போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வேலைக்கு வர வேண்டும். சண்டைக்குப் போனேன். டெனிஸ்டன் என்னுடைய தாளையே வாங்கித் திருப்பிக் காட்டினான். நேரத்தை முதலாளி தீர்மானிக்கலாம் என்று பின்பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் வாசித்த சந்தோசத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

பேர்ணடெற் தன் தங்கையை மாலைக்குப் பிள்ளைகளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாளாம். "அண்ணை, ஒரு சட்டத்தை எடுத்தால் அதுக்குப் பின்னாலையும் திருப்பிப் பாக்க வேணும்" என்றாள். அதோடு என்னோடு கதைக்கவில்லை.

ஏப்ரல் 28 - திங்கள்

போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட மண்டபம். மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் உதவிக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நோ என்றேன். இங்கிலிஷில் நான் மிகவும் ரசித்துச் சொன்ன சொல் அதுதான்.

மறைப்புக்குப் பின்னால் நான் மட்டும். ஒரு பென்சில். பெயர்கள் எல்லாம் எனக்குப் பழக்கம், பஸ்ஸில் இருந்து பார்த்தவைதான், இங்கே அவை ஓடிவிடவில்லை. சத்தம் வராமல் வாசிக்க எனக்கு இன்னும் வராது. இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசித்தேன். மேசைக்காரர் சுகமில்லையோ என்று எட்டிப் பார்த்தார்.

அகஸ்ரின் வான் விட்டு வாக்குச் சேர்க்கும் வேட்பாளருக்குப் போடுவதில்லை என்றுதான் போனேன். வேறொரு பெயரின் வட்டத்தில் பென்சிலை வைத்தும்விட்டேன், அழுத்தவில்லை. பிறகு யோசித்தேன். எல்லா வேட்பாளர்களின் பிரசாரத் தாள்களையும் முன்பே ரீச்சரோடு வாசித்திருந்தேன். முதியவர்களின் வாடகையைப் பற்றி ஒழுங்காக நாலு வரி எழுதியிருந்தவர் அகஸ்ரினின் ஆள் ஒருவர்தான். அவரைக் கோபத்தில் தள்ளினால், இந்தமுறையும் என் கையைப் பிடித்துக் கோடு இழுப்பது அகஸ்ரின்தானே? அவன் கையை எடுத்துவிட்டு யோசித்தேன். அந்த ஆளுக்கே போட்டேன்.

மடித்து நானே பெட்டிக்குள் போட்டேன். வெளியே மழை. பன்னிரண்டரைக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டேன். பேர்ணடெற் கதைத்தாள்.

ஏப்ரல் 29 - செவ்வாய்

அகஸ்ரினின் ஆள் தோற்றுவிட்டார். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில்.

மே 4 - ஞாயிறு

வேலை இருக்கிறது. டெனிஸ்டன் இப்போது என்னிடம் ஏதாவது தாளை நீட்டும்போது இரண்டு பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறான்.

பூசை முடிந்து கோயில் வாசலில் அகஸ்ரின் நின்றான். கை கொடுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"உங்களைப் போல ஆக்களாலைதான் மாமா தோத்தது. வானிலை வந்திருந்தால் ஒரு வோட்டு எங்கடை பக்கம் விழுந்திருக்கும். உங்களை ஆரோ குழப்பிப் போட்டாங்கள்."

கிளடிஸ் என் முகத்தைப் பார்த்தாள். நான் குடையை விரித்தேன்.

"ஆருக்குப் போட்டனீங்கள்? அதையாவது சொல்லுங்கோ."

"நல்ல ஆளுக்குத்தான் தம்பி."

அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு இன்னும் சொற்கள் பழகவில்லை. ஆடி மாதத்துச் சங்க யாத்திரை வானில் எனக்கு இடமில்லை என்றான். கிளடிஸுக்கு மட்டும் இருக்கிறதாம். ஒரு சொல் சொன்னால் முன் ஆசனமே கிடைக்கும், நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

தானும் அந்த வானில் போகப் போவதில்லை என்று வீட்டுக்கு வரும்போது கிளடிஸ் சொன்னாள். யாத்திரைக்கு இருவருமாகப் போக வேறு பஸ் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். விரல் நோகிறது, அடுத்த கிழமை விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.