ஏழு மணி பஸ்ஸுக்குப் பத்துப் பேர்

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா உடம்பு சுமார், எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. நம் காலை ஏழு மணி பஸ்ஸை அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்களாம். அது போனால் வாரம் மூன்று நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு எதில் கூட்டிப் போவேன் சொல்லு. வாடகைக் கார்க்காரர் ஒரே தடவை வந்தார், நம் குண்டும் குழியுமான சாலையில் வண்டி அடி தட்டியதும், இனிமே கூப்பிடாதீங்கம்மான்னு பெரிய கும்பிடு போட்டுவிட்டார். உன் அப்பா என்னடாவென்றால், வாரத்துக்கு ரெண்டு நாள் போனா போதாதா, ஒரு ஊசிக் குத்தாவது மிச்சம்னு சிரிக்கிறார்.

டிப்போவுக்கே போய்க் கேட்டேன். மேலாளர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ஒரு வருஷமாக நம் நிறுத்தத்தில் ஏறியவர்கள் யாருமே இல்லையாம்! தூக்கிவாரிப் போட்டது. நாங்க ஏறினோமே சார் என்றால், டிக்கெட் எங்கேம்மா என்கிறார். அப்புறம்தான் உறைத்தது. நம் ஒட்டடைக்குச்சி கண்டக்டர், ஆஸ்பத்திரிக்குப் போறவங்ககிட்ட காசு வாங்கினா எனக்குச் சோறு இறங்காதும்மான்னு எங்களுக்கு ஒரு நாளும் டிக்கெட் கிழித்ததில்லையே. சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள் என்று தையலக்காவுக்கும் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் பாவம், நல்லது செய்யறேன்னு உங்க பஸ்ஸுக்கு நானே உலை வச்சிட்டேனேன்னு கண் கலங்கிவிட்டார்.

மறுபடியும் மேலாளரிடம் போய்க் கெஞ்சினேன். இந்த மாதக் கடைசி வரை எண்ணுவார்களாம், நம் நிறுத்தத்தில் தினம் பத்துப் பேராவது டிக்கெட் வாங்கி ஏறினால் பஸ்ஸை நிறுத்த மாட்டார்களாம். முறை போட்டு ஏறுகிறோம். முடிதிருத்துகிறவர் வேலையே இல்லாமல் டவுனுக்குப் போய்த் திரும்புகிறார். தபால்கார அண்ணன் தன் மாமியாரையும் இழுத்துக்கொண்டு வருகிறார், அந்த அம்மாவுக்கோ பஸ் ஏறினாலே வாந்தி. அப்படியும் நேற்று எட்டுதான் தேறியது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அம்மாவுக்குக் கை நடுங்குகிறதோ என்று பயந்துவிடாதே. இன்று ஆஸ்பத்திரி நாள் இல்லை, அப்பா வீட்டில்தான் இருக்கிறார். நான் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு ஒன்பது பேர்.

நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையை அதட்டாதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். காருக்கென்று பணம் எதுவும் அனுப்பாதே. லீவு கிடைத்தால் மாதக் கடைசிக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. திரும்பும்போது நம் நிறுத்தத்திலேயே ஏறு, கண்டக்டர் வேண்டாம் என்றாலும் கேட்டு டிக்கெட் வாங்கு.

பஸ்ஸிலிருந்து,
உன் அம்மா